அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

எங்கள் அப்பா ராகலைக்கும் நுவரெலியாவுக்கும் ஓடும் பிரைவேட் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தார். ஹோல்ட், டிக்கெட், பெலன்ஸ், ரைட் என்று ஒரு கைப்பிடி இங்கிலீஷ் அவரிடம் உண்டு. மற்றதையெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவார். ரைட்டை மட்டும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

ரைட் என்றால் வண்டி போகும், அவ்வளவுதானே என்று ஏறி இறங்குகிறவர்கள் நினைப்பார்கள். அவ்வளவு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால் வெடுக்கென்று ஒரு ரைட். கூடையும் குடையுமாக ஒரு கிழவி ஏறினால் அவளுடைய இரண்டாவது காலும் உள்ளே வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அது "ரை...ட்" என்று நீளமாக, கிழவிக்கு உட்கார நேரம் கொடுத்துக்கொண்டு வரும். பின்னால் வரும் வாகனத்துக்கு வழிவிட்டால் "ரைட் ரைட்". வழியில் கந்தப்பளையில் டிரைவர் யாரோடாவது கதைக்க நின்றுவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரைட் வரும், அதில் டிரைவரின் பரம்பரையே அடங்கியிருக்கும்.

அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வேலை. அவள் நிற்கும் மலை ரோட்டுக்கு நேர் மேலே. பஸ் கீழே நின்று புறப்படும்போது அப்பாவின் குரல் மலையில் ஏறி வரும். "இன்னிக்கி அந்த மனுசனுக்குப் பசி" என்பாள் பக்கத்து நிரையில் நிற்கிறவளிடம். "இன்னிக்கி டிரைவரோட சண்ட." மாலையில் அவர் வந்ததும் விசாரித்தால் அப்படியேதான் இருக்கும். மற்றவர்கள் பெண்சாதிக்குப் போன் எடுத்துச் சொல்வதை எங்கள் வீட்டு ஆள் ரோட்டில் நின்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நான் கிண்டல் செய்வேன்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றுதான் எங்கள் வீடு, அங்கும் அதே கதைதான். சாப்பிடக் கூப்பிட்டால் ரைட். தண்ணீர் வருகிறது, குடத்தைத் தூக்குங்கள் என்றால் ரைட். என் பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்து, "எத்தன ரைட்டு விழுந்திருக்கு?" என்று கேட்பார். யாரையாவது அவருக்குப் பிடித்துப்போனால் "ஆளு ரைட்டு", பிடிக்காவிட்டால் "ஆளு அவ்வளவு ரைட் இல்ல". அவருக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் முற்றும்போது "ரைட்டு!" என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அம்மா விடமாட்டாள். "ஒங்க ரைட்டுக்குக் கெளம்பிப் போறதுக்கு நான் என்ன பஸ்ஸா? உக்காருங்க" என்பாள். அவரும் உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை கொழும்பிலிருந்து சில பிள்ளைகள் வந்து கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். காணி ரைட்ஸ், வீட்டு ரைட்ஸ் என்று நிறையச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். அப்பா கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, "நான் ஒருக்காச் சொன்னா அத்தாம் பெரிய பஸ்ஸே நகருது. இவங்க எத்தன காலமாச் சொல்றாங்க, லயம் ஒரு அடி நகரலயே" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் என் கல்யாணப் பேச்சை எடுத்தேன். அப்போது ராகலை டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் எனக்கு வேலை. நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர், லைசன்ஸைக் கொப்பி எடுக்க வந்து பழக்கமானவர். சாதியா, சமயமா, குடும்பமா, எதிலும் சிக்கல் இல்லை. சிக்கல் லொறியில் இருந்தது. பஸ்காரர்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் எங்கள் ரோட்டில் ஏழாம் பொருத்தம். வளைவில் எதிரெதிரே வந்துவிட்டால் யார் பின்னுக்கு எடுப்பது என்று பெரிய பஞ்சாயத்தே நடக்கும். "லொறிக்காரனுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல, ஹோன் மட்டுந்தான் இருக்கு" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

ஒரு நாள் சாயங்காலம், அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"லொறிக்காரனா?"

"ஆமாப்பா."

வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் புள்ள" என்றார். எதற்கெடுத்தாலும் ரைட் என்கிறவர் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

மறுநாள் விடியக்காலை பைப்படியில் முகம் கழுவப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் காம்பரா ஆட்கள்தான் தூக்கி வந்து வேன் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அம்மா அவர் நெற்றியில் விபூதி பூசும்போது, கோணிய வாயால் "ரைட்" என்றார். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். பேச்சு வந்துவிட்டது, இனி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. அம்மாவின் பெயர் வரவில்லை, என் பெயர் வரவில்லை, தண்ணீர், சோறு, வலி எதுவும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் சொல்லித் தேய்ந்த சொல் சிலருக்கு இப்படித் தப்பிப் பிழைக்கும் என்று டாக்டரம்மா சிங்களத்தில் விளக்கினார். நாம் பேசுவது அவருக்கு விளங்குகிறது, அவர் நினைப்பதுதான் வாய்க்கு வரவில்லை என்றார். தலையாட்டுவதும் கொஞ்ச காலத்துக்குக் குழம்பித்தான் இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார். குழம்பித்தான் இருந்தது. பசிக்கிறதா என்றாலும் தலையை ஆட்டினார், பசி இல்லையா என்றாலும் அதேபோல ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பார்க்க லயமே வந்தது. வாசலில் உள்ள இஸ்தோப்பில், அந்தச் சின்னத் திண்ணையில், நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தோம். அங்குதான் ஒரு வேடிக்கை நடந்தது, வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான். வந்தவர்கள் சுகம் விசாரிப்பார்கள். அப்பா கண் கலங்கி, வாங்க, உட்காருங்க என்று சொல்ல நினைத்து "ரைட்" என்பார். உடனே அவர்கள் எழுந்துவிடுவார்கள். "சரிங்க, நாங்க வாறோம்" என்று இடுப்பில் கட்டும் படங்கையும் குடையையும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இத்தனை வருடம் அவருடைய பஸ்ஸில் போய்வந்த சனம், அந்தக் குரல் கேட்டால் கால் தானாக நகர்ந்துவிடுகிறது. அப்பா அவர்கள் முதுகைப் பார்த்து இன்னும் பலமாக "ரைட்! ரைட்!" என்று கூப்பிடுவார். அவர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு நாள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறவர்களை எல்லாம் தோளில் கைவைத்து அமர்த்துவதே என் வேலையாகிவிட்டது.

அம்மா மட்டும் ஆஸ்பத்திரியிலேயே அழுகையை முடித்துவிட்டாள். "ஒங்கப்பா பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, ஒங்களுக்குத்தான் காது இல்ல" என்பாள். அவர் ரைட் என்றால் சில நேரம் தண்ணீர் கொண்டுவருவாள், சில நேரம் போர்வையை இழுத்துவிடுவாள், சில நேரம் "அதெல்லாம் முடியாது, டாக்டரு இனிப்பு வேணாமுன்னு சொல்லிட்டாங்க" என்று சண்டைக்கு நிற்பாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "மல மேல நின்னே எனக்கு வெளங்குச்சு. இப்ப பக்கத்துல நின்னு வெளங்காதா?" என்றாள்.

நானும் காதைத் தீட்டிக்கொண்டு பழகினேன். தண்ணீருக்குச் சொல்லும் ரைட் கொஞ்சம் வறண்டிருக்கும். முதுகு நோவுக்கானது மூக்கால் வரும். என்னால் பிடிக்க முடிந்தது அவ்வளவுதான். அதுவும் பாதி நேரம் தப்பாகிவிடும். தண்ணீர்க் கோப்பையோடு போய் நின்றால் கோபத்தில் ஒரு ரைட் கிடைக்கும். அந்தக் கோபம் மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கும்.

ஆனால் எனக்கு வேண்டியது தண்ணீர் விஷயம் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றவர் சொல்லாமலே விழுந்துவிட்டார். அந்த நாளைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அப்பா, அந்த லொறிக்கார மனுசன் விசயம். ஒங்களுக்குச் சம்மதமா?"

"ரைட்."

நெஞ்சு குளிர்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. "இல்ல, வேணாமாப்பா?" என்றேன்.

"ரைட்."

இரண்டும் என் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தன. அம்மாவைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்கிறவள் அன்றைக்கு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கும் புடிபடல புள்ள. அவங்களுக்கே இன்னும் முடிவாகலயோ என்னவோ."

அம்மாவின் தம்பி, என் மாமா, கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் அவசரமாக முடித்துவைத்துப் பழகியவர். "ரைட் பக்கம் உளுந்தாலும் மச்சானுக்கு ரைட் மட்டும் உளுகல" என்று ஏற்கனவே பகிடி விட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர். இப்போது என் விஷயத்தைக் கேட்டதும், "பத்துப் பேருக்கு முன்னால கேப்போம், அவரு ரைட்டுன்னுதானே சொல்லுவாரு? சம்மதம் கெடைச்ச மாதிரிதான். நாளப் பாத்துருவோம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்படின்னா தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு அதையே சம்மதமுன்னு எழுதிக்கிறலாமே மாமா" என்றேன். பெரிய மனுசர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். வேறு சொல் இல்லாத மனிதரிடம் இந்தச் சொல்லைப் பறித்துக்கொண்டு போய் மணவறையில் உட்கார என்னால் முடியாது. அப்பா தன் மனசோடு சொல்லாதவரை தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லொறிக்காரரிடமும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் தடவியபடியே, "ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கவா?" என்று கேட்டார். வாருங்கள் என்றேன், நம்பிக்கை இல்லாமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார். அதுவும் லொறியிலேயே வந்தார். பஸ்ஸில் வந்திருக்கக்கூடாதா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லயத்துக்கு வரும் பாதை ஒடுங்கல். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான், அதற்குக் கீழே தேயிலை. பைப்படியோடு பாதையும் முடிந்துவிடும், திருப்ப இடமே கிடையாது. என்ஜின் சத்தம் கேட்டதும் இஸ்தோப்பில் இருந்த அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லொறிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முன்னால் நின்றார். "மாமா, சொகமா இருக்கீங்களா?"

அப்பா சுவரைப் பார்த்தபடியே "ரைட்" என்றார். வெடுக்கென்று சொன்னார். லயமே எழுந்து ஓடிப்போகும் அந்தச் சொல்லுக்கு இந்த ஆள் ஓடவில்லை. பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். கோவா, கரட் விலை, பாதையில் மண் சரிந்த இடம், புது டயர் போட்டது என்று தானாகவே பேசிக்கொண்டிருந்தார். அப்பா திரும்பவே இல்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார். சம்மதம் கேட்க வந்தவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. லொறியின் பின்பக்கமே சரியாகத் தெரியவில்லை. ரோடுவரைக்கும் பின்னுக்கே எடுத்தாக வேண்டும். உதவிக்கு வரும் ஆளைக்கூட அவர் அன்றைக்குக் கூட்டிவரவில்லை. ஏறி ஸ்டார்ட் செய்து, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அரை அடி, கால் அடியாக எடுத்தார்.

என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்க்கிறார். ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். காலை இழுத்து இழுத்து இஸ்தோப்பு விளிம்புக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தானாக எழுந்து நின்றது அதுதான் முதல்முறை. தலையைச் சாய்த்து டயர் போகும் தடத்தைப் பார்த்தார்.

"ரை...ட்," என்றார். லொறி மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. "ரை...ட். ரை...ட்." குரல் நடுங்கவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல லொறியும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. காம்பராக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பின் டயர் கான் பக்கம் சரிவதை நான் காணவில்லை. அப்பா கண்டுவிட்டார்.

"ரைட்!"

வெட்டினாற்போல விழுந்தது அந்தச் சொல். லொறி அந்த இடத்திலேயே நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். டயரில் பாதி பாதையை விட்டுக் கானுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கல் உருண்டு தேயிலைக்குள் விழும் சத்தம் கேட்டது.

அவர் ஜன்னலால் தலையை நீட்டினார். "ரைட்டுன்னுதானே சொன்னாங்க, ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டேன். எனக்கே மூச்சு வாங்கியது.

"இல்லங்க, மாமா நிப்பாட்டச் சொன்னாங்க" என்றார். அதில் என்ன சந்தேகம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் திரும்பி வந்து மறுபடி அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். முன்னுக்கு எடுக்கச் சொன்னார், பக்கம் ஒடிக்கச் சொன்னார், மறுபடி பின்னுக்கு வரச் சொன்னார். எல்லாம் அந்த ஒரே சொல்லால்தான். அந்த ஆள் ஒவ்வொன்றையும் சொன்னபடியே செய்தார். விழுந்த நாள் முதல் அப்பா சொன்னதை நாங்கள் எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஊகித்தோம், பரிதாபப்பட்டோம். அவர் சொன்னதைக் கேட்டு உடனே நடந்த முதல் ஆள் இந்த லொறிக்காரர்தான். அப்பாவின் முதுகு நிமிர்ந்திருந்ததை என் கையால் உணர முடிந்தது.

லொறி ரோட்டுக்கு ஏறியதும் அதை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் நடந்தே திரும்பி வந்தார். தலையெல்லாம் மூட்டத்தின் ஈரம். அப்பாவின் முன்னால் வந்து நின்று, இந்தத் தடவை நேராகவே கேட்டார்.

"மாமா, ஒங்க மகள எனக்குக் குடுக்குறீங்களா?"

அதற்குள் லயமே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. வேலி ஓரத்தில் என் மாமாவும் வந்து நின்றார். நான் அப்பாவின் வாயையே பார்த்தேன். அவர் ரைட் என்று சொல்லப்போகிறார், அது ஆமாவா இல்லையா என்று எனக்கு இப்போதும் தெரியப்போவதில்லை என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

அப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. தூணிலிருந்து கையை எடுத்து என் கன்னத்தில் வைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணுக்குள் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே ஏறின.

"ரைட்...?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது அவருக்குப் போதவில்லை. என் வாயால் கேட்க வேண்டும் என்று கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ரைட்டுப்பா" என்றேன்.